மலிவு பார் பர்கரும் வெறிச்சோடும் தெருக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார்களில் கிடைத்த மலிவு பர்கரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, கொஞ்ச நேரத்தில் பேச்சு அந்தத் தெரு ஏன் இப்படி வெறிச்சோடிப் போனது என்பதில் போய் நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருவதால் பதில்களை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். பர்கர் வளர்ந்த மண் அமெரிக்கா, அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான், தேவைப்பட்ட இடத்தில் சிட்னி, லண்டன், ஆம்ஸ்டர்டாம்.

பார் பர்கர்னா என்ன? கடையில வாங்குற அதே பர்கர்தானே?

செய்முறை ஒன்றுதான், சூழ்நிலை வேறு. பாரின் சமையலறை பல நேரம் ஒரு ஆள் நின்று திரும்பும் அளவுக்குத்தான் இருக்கும்: ஒரு தட்டையான இரும்புக் கல், பொரிக்க ஒரு எண்ணெய்ச் சட்டி, ஒரு சமையல்காரர். அந்த வசதிக்குள் செய்ய முடிந்தது இது. 4 முதல் 6 அவுன்ஸ், அதாவது 115 முதல் 170 கிராம் கொத்தின மாட்டுக்கறி, மெத்தென்ற பன், உருகும் சீஸ், வெங்காயம், வினிகரில் ஊறிய வெள்ளரி. ஒரு கையில் பிடித்துச் சாப்பிடலாம், பக்கத்து ஸ்டூல்காரரோடு நடக்கும் பேச்சும் அறுபடாது.

மின்னியாபொலிஸில் மேட்ஸ் பார் 1954 முதல் சீஸைக் கறிக்குள்ளே வைத்து மூடிச் சுடும் 'ஜூசி லூசி'யை விற்கிறது. அதே சாலையில் உள்ள 5-8 கிளப், அதை முதலில் செய்தது நாங்கள்தான் என்கிறது. சிகாகோவில் பில்லி கோட் டாவர்ன், நியூயார்க்கில் கார்னர் பிஸ்ட்ரோ என்று இன்னும் சில பெயர்கள் உண்டு. எல்லாமே குடிக்கவும் பேசவும் ஆட்கள் வந்த இடங்கள், பர்கர் அப்புறம்தான் பெயர் வாங்கியது. 1921ல் விச்சிட்டாவில் ஆரம்பித்த ஒயிட் காசில் மாதிரி சங்கிலிக் கடைகளில் சாப்பிட்டவுடன் இடத்தைக் காலி செய்தால்தான் வியாபாரம். பாரில் வந்தவர் உட்கார்ந்திருந்தால்தான் வியாபாரம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களில் இதுதான் திரும்ப வரும்.

குடிக்கிற இடத்துல எதுக்குச் சாப்பாடு? வெறும் பீர் வித்தாப் போதாதா?

பல ஊர்களில் சட்டமே விடாது. நியூயார்க்கில் பார் லைசென்ஸ் வேண்டுமென்றால் சாண்ட்விச்சோ சூப்போ ஏதோ ஒரு உணவு கிடைத்தே ஆக வேண்டும். இது பழைய கதை. 1896ல் அந்த மாநிலம் கொண்டுவந்த ரெயின்ஸ் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை மதுவை ஹோட்டல்கள் மட்டும், அதுவும் சாப்பாட்டோடுதான் பரிமாறலாம். சலூன்காரர்கள் (அந்தக் காலத்து அமெரிக்க மதுக்கடைக்கு சலூன் என்று பெயர்) மாடியில் பத்து அறை கட்டி 'ஹோட்டல்' ஆனார்கள், யாரும் கடிக்காத ஒரே சாண்ட்விச்சை மேசைக்கு மேசை மாற்றிவைத்துச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 2020ல் கொரோனா நேரத்தில் அதே மாநிலம் சாப்பாடு வாங்கினால்தான் மது என்று மறுபடியும் உத்தரவு போட்டது.

சட்டத்தைத் தள்ளிவைத்தாலும் வயிற்றில் ஏதாவது இருந்தால் மது மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். வந்தவர் நிதானமாக இருப்பார், சண்டை குறையும், அவர் பசிக்காக வேறு இடம் தேடி எழுந்து போகவும் மாட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க சலூன்கள் மது வாங்கியவருக்கு மதியச் சாப்பாட்டை இலவசமாகவே கொடுத்தன, அதில் உப்பு தூக்கலாக இருக்கும், தாகம் எடுக்குமே. இன்னொரு காரணம், மதுவைத் தள்ளுபடியில் விற்க எல்லா இடத்திலும் அனுமதி இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் 1984லேயே 'ஹேப்பி ஹவர்' என்ற குறிப்பிட்ட நேரத் தள்ளுபடியைத் தடை செய்துவிட்டது. கிளாஸில் விலை குறைக்க முடியாதவர் தட்டில் குறைக்கிறார்.

இவ்வளவு மலிவாக் கொடுத்தா அவங்களுக்கு நட்டம் வராதா?

பர்கரை மட்டும் தனியாகப் பார்த்தால் பெரும்பாலும் கைக்கும் வாய்க்கும்தான், சில இடங்களில் நட்டமேதான். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: பர்கர் 9 டாலர், பீர் 7 டாலர். கறி, பன், சீஸ், எண்ணெய் என்று பொருள் செலவே 3 டாலரைத் தாண்டும். மீதியில் சமையல்காரரின் கூலி, எரிவாயு, தட்டு கழுவுவது, புகைபோக்கிச் சுத்தம், வீணாகும் பொருள் எல்லாம் வர வேண்டும். பீரில் பொருள் செலவு ஒன்றரை டாலர்தான் ஆகும், ஊற்ற அரை நிமிடம், சமையலறையே வேண்டாம். உணவகத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கும் இதுதான், உணவுக்குப் பொருள் செலவு விற்பனை விலையில் 30 சதவீதத்தை ஒட்டி, மதுவுக்கு 20ஐ ஒட்டி. உணவுக்கு ஆள் கூலி மேலும் அதிகம்.

ஆக பர்கரின் வேலை லாபம் கொண்டுவருவது இல்லை, வந்தவரை இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைப்பது. சாப்பிடாதவர் ஒரு கிளாஸோடு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். சாப்பிட்டவர் இரண்டாவதை, சிலர் மூன்றாவதை வாங்குவார். இரவு ஏழு மணிக்குக் கூட்டம் இருப்பது தெரிந்தால்தான் ஒன்பது மணிக்காரரும் உள்ளே எட்டிப் பார்ப்பார். இந்தக் கணக்கில் மது விற்பனை குறைந்தாலோ வாடகை ஏறினாலோ முதலில் அடி வாங்குவது பர்கரின் மலிவு விலைதான். பேராசையால் விலை ஏற்றிவிட்டார்கள் என்று திட்டுவதை நான் ஏற்பதில்லை. பெரும்பாலான இடங்களில் அது கடைசிவரை தள்ளிப்போட்டு எடுத்த முடிவு.

விலை கம்மின்னா கறி மட்டமாத்தானே இருக்கும்? நம்பிச் சாப்பிடலாமா?

மலிவான கறியே பர்கருக்குப் பொருத்தமானது. 80 பங்கு கறிக்கு 20 பங்கு கொழுப்பு என்ற கலவைதான் பல காலமாக நிலைத்திருக்கிறது, அது மாட்டின் தோள்பட்டைப் பகுதியிலிருந்து இயல்பாகவே வந்துவிடும். விலை உயர்ந்த கொழுப்பில்லாத துண்டுகளை அரைத்தால் பர்கர் வறண்டுதான் போகும். மெல்லியதாக, சூடான கல்லில் அழுத்திப் போட்டால் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக முறுகும், ருசி அங்கேதான் இருக்கிறது. உறைய வைத்த கறித்துண்டைப் பயன்படுத்துவதையும் நான் குறையாக நினைப்பதில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை விலை அளவுகோல் ஆகாது, வெப்பம்தான் அளவுகோல். அரைத்த கறியில் மேலே இருக்கும் கிருமி உள்ளேயும் கலந்துவிடுவதால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. 1993ல் ஒரு பெரிய பர்கர் சங்கிலியின் கடைகளில் சரியாக வேகாத கறியால் ஈ.கோலை என்ற கிருமி பரவி 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள், அதற்கு அடுத்த வருடம்தான் அந்த ஈ.கோலை வகை கலந்த அரைத்த கறியை விற்கவே கூடாது என்று ஆனது. மெல்லிய பார் பர்கர் முழுசாக வெந்துவிடும், அந்த வகையில் அது தடிமனான 'பாதி வேக்காடு' பர்கரைவிட நிம்மதியானது.

பத்து வருஷம் முன்னாடி கிடைச்ச விலைக்கு இப்ப எங்கயுமே இல்லையே, ஏன்?

காரணம் பல. மாட்டுக்கறியே பெரிய காரணம்: தொடர் வறட்சியாலும் தீவன விலையாலும் பண்ணைக்காரர்கள் கன்று ஈனும் மாடுகளையே விற்றுவிட்டார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் சுமார் 8.67 கோடி, 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. மழை பெய்தாலும் உடனே சரியாகாது, ஒரு கிடேரியை வளர்த்து, அது ஈன்று, அந்தக் கன்று கறிக்கு வரும்வரை சில வருடங்கள் ஆகும். இதற்கு மேல் கூலி, காப்பீடு, கார்டு கட்டணம், வாடகை.

இன்னொரு திருப்பமும் நடந்தது. 2001ல் நியூயார்க்கில் டானியல் பூலூ என்ற பிரெஞ்சு சமையல் நிபுணர் தன் உணவகத்தில் வாத்து ஈரலும் மெதுவாக வெந்த விலா இறைச்சியும் வைத்த பர்கரைக் கொண்டுவந்தார். அப்புறம் பர்கருக்கும் பெரிய விலை சொல்லலாம் என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். அதில் தப்பில்லை. ஆனால் தெருவில் ஒவ்வொரு பாரும் அந்தப் பக்கமே சாய்ந்தபோது, வேலை முடிந்து யோசிக்காமல் உள்ளே நுழைந்து சாப்பிடக்கூடிய இடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒரு ஏரியாவோட ராத்திரி நடமாட்டம் சரியுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சனிக்கிழமை கூட்டமாத்தானே இருக்கு?

சனிக்கிழமையைப் பார்க்காதீர்கள், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். முதல் அறிகுறி கதவு மூடுவது கிடையாது, சமையலறை மூடுவது. நள்ளிரவு வரை கிடைத்த பர்கர் பதினோரு மணியோடு நிற்கும், அப்புறம் பத்து, அப்புறம் வார நாட்களில் சமையலறையே இல்லை, சிப்ஸ் பாக்கெட்தான் இருக்கும். பார் திறந்திருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸ், வேறு உணவகத்தில் வேலை முடிந்த சமையல்காரர், மேடை முடித்த இசைக்காரர், டாக்சி ஓட்டுநர் எல்லோரும் அந்த நேரத்து ஆட்கள். சாப்பாடு இல்லையென்றால் அவர்கள் அந்தத் தெருவுக்கு வர வேறு காரணம் இல்லை.

இரண்டாவது, ஆட்களின் கலவை மாறும். முன்பு ஒரே கவுண்டரில் அறுபது வயதுக்காரரும் கல்லூரி மாணவரும் இருப்பார்கள். வார நாள் வியாபாரம் போனதும் கடை வெள்ளி சனியை மட்டும் நம்பும், அதற்கு இசையைக் கூட்டும், நுழைவுக் கட்டணம் வைக்கும், ஸ்டூல்களை எடுத்துவிட்டு நிற்க இடம் செய்யும். அதோடு பக்கத்துத் தெருக்காரர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள், தூரத்திலிருந்து வாரம் ஒருமுறை வருகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு அந்தத் தெருவோடு எந்த ஒட்டும் இல்லை. சத்தம், புகார், போலீஸ் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை. ஆக, வெளியிலிருந்து பார்த்தால் சனிக்கிழமை முன்னைவிடக் கூட்டமாகத் தெரியும் நேரத்திலேயே சரிவு பாதி முடிந்திருக்கும்.

அடிதடி, குற்றம் ஜாஸ்தி ஆனதாலதானே பார்களை மூடினாங்க?

சில இடங்களில் அது உண்மை, அதை மறைக்கக் கூடாது. அட்லாண்டாவின் பக்ஹெட் வில்லேஜ் ஒரு காலத்தில் நெருக்கமாகப் பார்கள் இருந்த பகுதி. 2000 ஜனவரி கடைசியில் சூப்பர் போல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்த இரவில் அங்கே இருவர் கொல்லப்பட்டார்கள். பிறகு நகரசபை பார் மூடும் நேரத்தை அதிகாலை 4லிருந்து 2.30க்குக் கொண்டுவந்தது, 2007ல் ஒரு கட்டுமான நிறுவனம் அந்தப் பார் வரிசையை இடித்தது, 2008 நிதி நெருக்கடியில் மண்மேடாகக் கிடந்து, 2014ல் ஆடம்பரக் கடைகளாகத் திறந்தது. குற்றம் கதையின் ஆரம்பம்தான், முடித்துவைத்தது நிலத்தின் மதிப்பு.

சிட்னியின் கிங்ஸ் கிராஸில் இளைஞர்கள் தாக்கப்பட்டு இறந்ததை அடுத்து 2014 பிப்ரவரியில், அதிகாலை 1.30க்கு மேல் யாரும் உள்ளே நுழையக் கூடாது, 3 மணிக்கு மேல் மது கூடாது என்று சட்டம் வந்தது. அந்தப் பகுதியில் அடிதடி குறைந்தது நிஜம். கூடவே பார்களும் இசை அரங்குகளும் வரிசையாக மூடின, தெருவே செத்துப்போனது. நகர மையத்தில் 2020 ஜனவரியிலும் கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள், ஆனால் போன கடைகள் திரும்பி வரவில்லை. நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் குடியிருந்த, நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே எழுதியது இதற்கு நேர் எதிர்: வைட் ஹார்ஸ் என்ற பாருக்கு வருகிறவர்களும் போகிறவர்களும் இருப்பதால்தான் அதிகாலை மூன்று மணி வரை தன் தெருவில் பாதுகாப்பாக நடக்க முடிகிறது என்றார். சாப்பிட்டு, பேசி, ஒவ்வொருவராகக் கிளம்பும் கூட்டமும், மூடும் நேரத்தில் மொத்தமாக வெளியே தள்ளப்படும் கூட்டமும் ஒன்றல்ல.

அக்கம்பக்கத்துல குடியிருக்கிறவங்க தூங்க வேண்டாமா?

கண்டிப்பாக வேண்டும். கேள்வி யார் முதலில் வந்தார் என்பது. நாற்பது வருடமாக இருக்கும் பாருக்குப் பக்கத்தில் புதுசாக அடுக்குமாடி கட்டி, 'கலகலப்பான பகுதி' என்று விளம்பரம் செய்து விற்றுவிட்டு, குடிவந்தவர்கள் புகார் கொடுத்ததும் பாரை மூடச் சொல்வது நியாயமில்லை. இதற்காகவே ஒரு விதி வந்திருக்கிறது: மாற்றத்தைக் கொண்டுவருபவரே அதற்கான சத்தத் தடுப்புச் செலவையும் ஏற்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014ல் இதைத் திட்ட விதிகளில் சேர்த்தது, இங்கிலாந்து 2018ல் சேர்த்தது. பழைய தெருவில் புதுசாக பார் வந்தால் செலவு பார்காரருக்கு. எனக்கு இது முற்றிலும் சரியாகப் படுகிறது.

வாடகைதான் பிரச்சினைன்னா, ஏன் கடையை வருஷக்கணக்கா காலியாவே போட்டு வச்சிருக்காங்க?

பெரிய கட்டடங்களுக்கு வங்கிக் கடன் இருக்கும், அந்தக் கடன் கட்டடத்தின் மதிப்பை வைத்து, மதிப்பு அதன் வாடகையை வைத்து. குறைந்த வாடகைக்குப் பத்து வருடக் குத்தகை எழுதினால் மதிப்பே தாளில் இறங்கிவிடும், வங்கி கேள்வி கேட்கும். காலியாக இருந்தால் 'நல்ல வாடகைக்குக் காத்திருக்கிறோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். பக்ஹெட்டில் நடந்தது மாதிரி மொத்தமாக இடிக்கும் எண்ணம் இருந்தாலும் நீண்ட குத்தகை தர மாட்டார்கள்.

இன்னொன்று புகைபோக்கி. கல்லுக்கு மேலே புகையை உறிஞ்சும் கூண்டும், தீயணைப்பு அமைப்பும், கூரை வரை குழாயும் இல்லாமல் கறி சுட முடியாது, புதுசாகப் போட்டால் பெரிய செலவு. பழைய பார் மூடி அந்த இடம் துணிக்கடையாகி இதையெல்லாம் பிடுங்கிவிட்டார்கள் என்றால் மறுபடி அங்கே மலிவு பர்கர் வரவே வராது.

இந்தக் காலத்துப் பசங்க குடிக்கறதே இல்லையாமே, அப்ப பார் மூடத்தானே செய்யும்?

குறைந்திருப்பது நிஜம். காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் 2025 கணக்கெடுப்பில் மது அருந்துவதாகச் சொன்ன அமெரிக்கப் பெரியவர்கள் 54 சதவீதம், 1939ல் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து இதுதான் ஆகக் குறைவு. உடல்நலத்துக்கு நல்ல செய்தி, வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது கேள்வியில் சொன்ன கணக்கு இதில் உடைகிறது, பர்கரின் நட்டத்தை ஏற்றுக்கொண்டது இரண்டாவது பீர்தான்.

குடிக்காதவர்களுக்கும் ராத்திரியில் போய் உட்கார ஓர் இடம் வேண்டுமே. மது இல்லாத பீரையும் நல்ல சோடாவையும் அக்கறையோடு, கௌரவமான விலையில் விற்கும் பார்கள் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. தண்ணீர் மட்டும் வாங்கி மலிவு பர்கரோடு மூன்று மணி நேரம் உட்காருகிறவரை எந்தக் கடையும் தாங்காது.

டெலிவரி ஆப்ல போட்டு வித்தா பிழைச்சுக்கலாமே?

ஆப் நிறுவனங்கள் 15 முதல் 30 சதவீதம் கமிஷன் எடுக்கும். லாபமே இல்லாத பொருளில் அதைக் கொடுத்தால் என்ன மிஞ்சும்? கூட ஒரு பீரும் போகாது. பர்கர் பெட்டிக்குள் வேர்த்து பன் நமுத்துவிடும், முறுகல் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குப் போன பர்கர் தெருவில் ஒரு ஆளைக்கூட நடமாட வைக்காது.

நகராட்சி ஏதாவது செய்ய முடியுமா? 'நைட் மேயர்'னு சொல்றாங்களே, அது வேலைக்கு ஆகுமா?

நைட் மேயர் என்றால் ஊரின் இரவு வாழ்க்கைக்காகப் பேசவும் சமரசம் செய்யவும் இருக்கும் ஆள். ஆம்ஸ்டர்டாமில் 2012ல் மிரிக் மிலன் அந்தப் பொறுப்புக்கு வந்து, கடைக்காரர்கள், குடியிருப்பவர்கள், நகரசபை மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். சில இடங்களுக்கு 24 மணி நேர அனுமதி கிடைத்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறும் பிரச்சினை குறைந்தது. நியூயார்க் 2017ல் இரவு வாழ்க்கைக்கென்றே அலுவலகம் வைத்தது, அதே வருடம் நடனத்துக்கென்று தனி லைசென்ஸ் இல்லாத பாரில் நடனமாடக் கூடாது என்ற 1926ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கியது. பேச ஒரு ஆள் இருப்பது நல்லதுதான், ஆனால் வாடகையில் அவர் கை வைக்க முடியாது.

வாடகையில் கை வைத்த உதாரணம் சான் ஃபிரான்சிஸ்கோ. 30 வருடத்துக்கு மேல் இருக்கும் கடைகளுக்கு 2015ல் வாக்காளர்கள் ஒரு திட்டத்தை நிறைவேற்றினார்கள், அப்படிப்பட்ட கடைக்குப் பத்து வருடக் குத்தகை தரும் கட்டட உரிமையாளருக்கு நகரமே பணம் கொடுக்கும். லண்டன் நன்ஹெட்டில் ஐவி ஹவுஸ் என்ற பப் விற்பனைக்கு வந்தபோது சமூகச் சொத்து என்று பதிவு செய்து, அந்தப் பகுதி மக்களே பங்கு போட்டு 2013ல் வாங்கி நடத்த ஆரம்பித்தார்கள். என் பார்வையில் இந்த இரண்டும்தான் விஷயத்தின் வேரைத் தொட்டவை.

நான் சின்னதா ஒரு பார் நடத்தறேன். விலையை ஏத்தாம பர்கரைத் தக்க வைக்க வழி இருக்கா?

எல்லா நாளும் மலிவாகக் கொடுக்காதீர்கள். வியாபாரம் மந்தமான ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, கவுண்டரில் உட்காருகிறவருக்கு மட்டும் என்று வையுங்கள். 4 அவுன்ஸ் அளவு போதும், மெல்லியதாகப் போட்டால் நாலு நிமிடத்துக்குள் தட்டுக்கு வந்துவிடும், ஒரே சமையல்காரர் சமாளிப்பார். மெனுவில் மற்றதைக் குறையுங்கள். ஒரு கறி, ஒரு பன், ஒரு சீஸ் என்று இருந்தால் வீணாவதே இருக்காது. உருளைக்கிழங்கைத் தனி விலைக்குப் போடுங்கள், லாபம் அதில்தான். சமையலறை மூடும் நேரத்தை மட்டும் குறைக்காதீர்கள். முழு மெனு முடியாவிட்டாலும் கடைசி ஒரு மணி நேரம் பர்கர் மட்டுமாவது கிடைக்கட்டும், காரணம் ஆறாவது பதிலில் இருக்கிறது.

நான் வெறும் வாடிக்கையாளர். என்னால என்ன ஆகும்?

வார நாளில் போங்கள். சனிக்கிழமை உங்கள் இடத்தில் உட்கார வேறு ஆள் உண்டு, செவ்வாய்க்கிழமை கிடையாது. மலிவு நாளில் டிப்ஸை முழு விலைக்குக் கணக்கிட்டுக் கொடுங்கள், பரிமாறுகிறவரின் உழைப்பில் தள்ளுபடி இல்லையே. பர்கரோடு ஏதாவது குடியுங்கள், மதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

அப்புறம், பாரின் லைசென்ஸ் புதுப்பிப்புக்கோ பக்கத்தில் வரும் புதுக் கட்டடத்துக்கோ பொது விசாரணை நடந்தால் போய்ப் பேசுங்கள். அந்தக் கூட்டங்களுக்குப் புகார் உள்ளவர்கள்தான் தவறாமல் வருவார்கள், பிடித்துப்போய் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். முடிவெடுக்கிறவர்கள் காதில் விழுவது வந்தவர்களின் குரல் மட்டும். இரண்டு நிமிடம் பேசினால் போதும்: எந்தத் தெரு, எத்தனை மணிக்கு அங்கே நடந்து வீட்டுக்குப் போகிறீர்கள், அந்தப் பாரின் விளக்கு எரியாவிட்டால் வழியில் வேறு எது திறந்திருக்கும் என்று சொல்லுங்கள். நேரில் போக முடியாவிட்டால் எழுதியாவது அனுப்புங்கள், பெரும்பாலான நகரசபைகள் எழுத்துக் கருத்தையும் பதிவில் சேர்க்கும்.